நாற்பது நிமிடம் மூடிய கை

நாணயம் சேகரிப்பவர்கள் சாதுவானவர்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் நாணயக் கண்காட்சிக்குள் காலெடுத்து வைத்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பத்தொன்பது வருடமாகப் போய்வருகிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில் இருநூறு நடுத்தர வயது ஆண்கள், ஒருவர் தோளுக்கு மேலே இன்னொருவர் எட்டிப் பார்த்தபடி, எதையும் வாங்க வராதவர்கள் போன்ற முகத்துடன் மேஜை மேஜையாக நகரும் இடம் அது. பந்தியில் இடம் பிடிக்கும் சண்டையில்கூட இத்தனை பகை இருக்காது. அங்கே சாம்பார் வந்ததும் எல்லாம் மறந்துபோகும். இங்கே சாம்பாரும் கிடையாது.

நான் சொல்லப்போகிற கண்காட்சி மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் வரவேற்பின் அலங்காரம் மேடையில் அப்படியே இருந்தது. மணமக்களுக்கான சிவப்பு சோபாவில் எங்கள் சங்கத் தலைவர் தனியாக உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து இடம் காலி. பார்ப்பதற்கு, யாரோ நல்ல நேரம் பார்த்துத் தப்பித்துப் போனதுபோல இருந்தது.

என் தொழில் வண்டி இன்சூரன்சில் சேதத்தை மதிப்பிடுவது. அடையாறில் வீடு. மழைக்காலம் வந்தால் வேளச்சேரியே என் அலுவலகம். தண்ணீரில் மூழ்கி எழுந்த கார்களை மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிவந்து, சொந்தக்காரர் அழுகிற அளவுக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை என்று அறிக்கை எழுதுவேன். இருபத்தைந்து வருடம் இதையே செய்தால், எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் அதன் குறைதான் கண்ணில் படும். அந்தக் குணத்தால் குடும்பத்தில் நான் இழந்த மரியாதையை நாணய வட்டாரத்தில் சம்பாதித்துக்கொண்டேன். சந்தேகமான காசு எதுவாக இருந்தாலும் என்னிடம் வரும். நான் லென்ஸை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினால் போலி, தலையை ஆட்டினால் அசல். "சார் கண்ணு தப்பாது" என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்து, எதிரே இருக்கும் தயிரை நான் கண்டுபிடித்ததாகச் சரித்திரம் இல்லை என்பது அந்த வட்டாரத்துக்குத் தெரியாது.

என் பைத்தியம் தரங்கம்பாடிக் காசுகள். டென்மார்க்காரர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்த காலத்துச் செம்புக் காசுகள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒரு பக்கம் கிரீடமும் அதன் கீழே பின்னிக்கொண்டிருக்கும் அரசனின் பெயரெழுத்துகளும். மறுபக்கம் மதிப்பும் ஆண்டும். அவற்றில் நாலு காசு என்ற வகையை ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்து வருகிறேன். ஆல்பத்தில் ஒரே ஒரு குழி பதினொரு வருடமாகக் காலி. எந்த ஆண்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த கண்காட்சியில் இன்னும் நாலு பேர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். வாசகர்கள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. நம்பிக்கை கிடையாது.

எங்கள் கூட்டத்தின் சில வழக்கங்களைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், அன்றைக்கு ஒரு வளர்ந்த மனிதன் ஏன் நாற்பது நிமிடம் கையை மூடிக்கொண்டு நின்றான் என்பது உங்களுக்குப் புரியாது. ஒரு காசு ஒருவருடைய உள்ளங்கையில் இருக்கும்வரை அது அவருடைய பேரம். பக்கத்தில் நிற்பவர் அதன் விலையைக் கேட்கக் கூடாது. கேட்டால் சங்கத்தில் ஆறு மாதம் யாரும் அவருடன் பேச மாட்டார்கள். ஆனால் அந்தக் காசைத் தட்டில் திரும்ப வைத்த மறுகணம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதோடு, நாங்கள் கைக்குக் கை காசைக் கொடுத்துக்கொள்வதில்லை. கீழே விழுந்து விளிம்பு நசுங்கினால் யார் தவறவிட்டது என்ற வழக்கு தீரவே தீராது. ஆகவே இன்னொருவருக்குக் காட்ட வேண்டுமானால் தட்டில் வைக்க வேண்டும். அவர் எடுத்துக்கொள்வார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், "கொஞ்சம் காட்டுங்களேன்" என்று ஒருவர் பணிவாகக் கேட்பது எத்தனை அயோக்கியத்தனமாக இருக்க முடியும் என்று தெரியும்.

காலை பத்தரை மணிக்கு ஒரு மூலை மேஜைக்குப் போனேன். அந்த மேஜைக்குச் சொந்தக்காரர் பழைய பித்தளை, செம்புப் பாத்திரம் வாங்கி விற்கும் ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஒரு துண்டு, வாயில் வெற்றிலை. பாத்திரங்களோடு வந்துசேரும் காசுகளை ஒரு தட்டில் கொட்டி வைத்திருந்தார். நான் கிளறத் தொடங்கினேன்.

"இன்னா சார், கிண்டிகினே கீற? அடியில பொதையல் இருந்தா நான் ஏன் ஃபேன் இல்லாத மூலையில குந்திகினு இருக்கேன்?"

"சும்மா பாக்கறேம்மா."

"பாரு பாரு. பாக்கறதுக்கு இன்னும் வரி போடல."

தட்டின் அடியில் அது இருந்தது. கிரீடம், பின்னிய எழுத்துகள், மறுபக்கத்தில் நான் பதினொரு வருடமாகத் தேடும் ஆண்டு. எடுத்தேன். கையை மூடினேன். அதன் பிறகுதான் எனக்கு வேர்த்தது. காரணம், அந்த விளிம்பில் எலி கடித்ததுபோல ஒரு சிறிய வெட்டு இருந்ததை என் கட்டை விரல் கண்டுகொண்டது. அந்த வெட்டை எனக்குத் தெரியும். நான் ஏற்கெனவே ஒருமுறை இந்தக் காசைப் பார்த்திருக்கிறேன். பார்த்து, இது போலி என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நடந்தது அது. சாந்தோமில் இருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் எங்களுடைய உறுப்பினர். பங்குக் கோயில் நடத்தும் பள்ளியில் முப்பத்துநாலு வருடம் பாடம் நடத்தியவர். அவரும் தரங்கம்பாடிக் காசுதான் சேர்க்கிறார். அந்தக் காரணத்தால் எங்களுக்குள் பேச்சு மிகவும் மரியாதையாக இருக்கும். யாரிடமோ வாங்கி மூன்று மாதமாக வைத்திருந்த காசைக் கொண்டுவந்து என்முன் வைத்து, "நீங்க சொன்னா சரி சார்" என்றார். லென்ஸை வைத்தேன். எட்டு நிமிடம் பார்த்தேன். அசல் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மீதி ஏழு நிமிடமும் என் முகத்தைச் சரிசெய்துகொள்வதில் போயிற்று. பிறகு உதட்டைப் பிதுக்கினேன். "வார்ப்பு சார், அச்சுல அடிச்சது இல்ல. ஓரத்துல மணல் துளை தெரியுது. பாவம், நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றேன்.

என் கணக்கு இது: மனிதர் வெறுத்துப்போய் அதைத் தூக்கிப் போடப் பார்ப்பார்; நான் பெருந்தன்மையாக, மாதிரிக்கு இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொள்வேன். அவருடைய நேர்மையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. போலிக் காசை இன்னொருவருக்குக் கொடுப்பது பாவம் என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் மெதுவாக விசாரித்தேன். ஓட்டைச் செம்புக் குடத்தோடு சேர்த்துப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டாராம். எந்தக் கடை என்று கேட்டேன். "அதை மட்டும் சொல்ல மாட்டேன் சார். அங்க போய் யாராவது அதை வாங்கி ஏமாந்தா என் மனசு தாங்காது" என்றார். அந்தப் போலியை மூன்று மாதம் வைத்திருந்ததற்காக அவர் ஃபாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமே செய்திருப்பார். பொய் சொன்ன நான் செய்ததெல்லாம், மயிலாப்பூரிலிருந்து தி.நகர்வரை பாத்திரக் கடை பாத்திரக் கடையாக ஏறி இறங்கியதுதான். வெறுங்கையோடு திரும்பினால் சந்தேகம் வருமே என்று ஏதாவது வாங்கவும் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் இப்போது ஏழு பித்தளைச் சொம்புகள் இருக்கின்றன. "ஒருத்தர் இத்தனை சொம்பு வாங்கறார்னா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்று என் மனைவி கேட்ட பிறகுதான் எட்டாவதை வாங்காமல் நிறுத்தினேன்.

அந்தக் காசுதான் இப்போது என் கைக்குள் இருந்தது. உடனே விலை கேட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். அங்கேதான் என் அனுபவம் என்னைக் கெடுத்தது. வேண்டிய காசின் விலையை முதலில் கேட்கவே கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் பாலபாடம். கேட்டால் கடைக்காரர் முகத்தைப் படித்துவிடுவார். வேண்டாத மூன்று காசுகளைக் கேட்டு, மூன்றிலும் குறை சொல்லி, போகிறபோக்கில் நாலாவதாகத்தான் அதைக் கேட்க வேண்டும்.

"இந்த விக்டோரியா எவ்ளோம்மா?"

"எரநூறு."

"தேஞ்சுபோச்சே."

"அந்தம்மா செத்து நூறு வருசம் மேல ஆச்சு. தேயாம இன்னா பண்ணும்?"

இரண்டாவதாக ஓர் அரையணாவைக் கேட்டேன். மூன்றாவதை இடது கையால் எடுத்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "சார், வணக்கம்" என்றது. திரும்பாமலே தெரிந்தது. முப்பத்துநாலு வருடம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிய குரல்.

இயற்பியல் ஆசிரியர் கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. அவருடைய பார்வை என் முகத்துக்கு வந்து, தோள் வழியாக இறங்கி, மூடிய வலது கையில் நின்றது.

"கையில என்ன சார்?"

"ஒண்ணுமில்ல சார். செப்புக் காசு ஒண்ணு."

"கொஞ்சம் காட்டுங்களேன்."

"கை வேர்த்திருக்கு சார். துடைச்சிட்டுக் காட்டறேன்."

"துடைங்க. எனக்கு அவசரம் இல்ல."

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, முதுகில் ரோஸ் நிற ரிப்பன் கட்டிய அந்தக் கல்யாண நாற்காலியில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓய்வுபெற்றவரோடு காத்திருப்பதில் போட்டி போடக் கூடாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் சலிப்பார், அடுத்த மேஜைக்குப் போவார், நான் விலை கேட்டு வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்று நின்றேன். அவர் அடுத்த மேஜைப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

கையை மூடிக்கொண்டு ஒரு மேஜை முன்னால் நிற்பது முதல் பத்து நிமிடம் சுலபம். பிறகுதான் உலகத்தில் எத்தனை காரியங்களுக்கு வலது கை தேவை என்று தெரியும். தெரிந்தவர் ஒருவர் கைகொடுக்க வந்தார். இடது கையை நீட்டினேன். என்ன ஆச்சோ என்று வலது முழங்கையைத் தடவிவிட்டுப் போனார். தேநீரை இடது கையால் வாங்கி, சட்டையில் பாதி குடித்தேன். வலது பக்கப் பையில் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டுமானால் காசை இடம் மாற்ற வேண்டும். மாற்றும்போது கை திறக்கும். ஆசிரியருக்குப் பார்வை இன்னும் நன்றாகத்தான் இருந்தது. "ஃபோன் அடிக்குது சார்" என்றார் அக்கறையாக. "தெரியும் சார்" என்றேன் அதே அக்கறையோடு. அடித்தது என் மனைவி. எடுக்காததற்கு அன்று மாலை தனியாக விசாரணை நடந்தது.

பாத்திரக்கார அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ் சார், கைக்குள்ள முட்ட எதுனா வெச்சி அட காக்கறியா? நாப்பது நிமிசம் ஆவுது. குஞ்சு வந்துச்சா இல்லியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் நெருங்கி வந்தார்கள். எங்கள் கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால், யாரோ மலிவாக எதையோ வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

"என் சாமான்தான, எனக்குக் காட்டு" என்று அவர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். விற்பவருக்குக் காட்ட மறுக்க முடியாது. ஒரு விரலை மட்டும் தூக்கினேன். எட்டிப் பார்த்தார். அப்புறம் ஆசிரியரைப் பார்த்தார். மறுபடி காசைப் பார்த்தார்.

"அட, இதுவா! இத்த வாத்தியார்தான குட்துட்டுப் போனாரு. இன்னா வாத்தியாரே, ஞாபகம் கீதா? ஓட்டக் கொடத்தோட கூட ஒரே ஒரு காசு. தனியா பேப்பர்ல மடிச்சி, 'இது செல்லாதும்மா, உருக்கிடுங்க'ன்னு பத்து வாட்டி சொன்ன. நான்தான் உருக்கல."

நான் விரலை மடக்கிக்கொண்டேன். ஆசிரியர் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த துணிப்பையின் கைப்பிடியை இரண்டு தடவை நேராக்கினார். அவர் கோபப்படுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாய்மொழித் தேர்வில் பையன் படித்துவிட்டு வரவில்லை என்று கண்டுகொண்ட ஆசிரியரின் அமைதியாக அது இருந்தது.

"சார், ஒரு சந்தேகம். போலிக் காசை யாராவது நாப்பது நிமிஷம் கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்களா?"

"அது... மாதிரிக்கு சார். வார்ப்புக் காசு எப்படி இருக்கும்னு நம்ம கூட்டத்துல காட்டலாம்னு..."

அவசரத்தில், என் எதிரே இன்னொருவர் உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டேன். அம்மாள் எழுந்தார். வெற்றிலையைக் குப்பைத்தொட்டியில் துப்பிவிட்டு வந்தார்.

"இன்னா சொன்ன? போலியா? என் மேஜையிலயா?"

"இல்லம்மா, நான் சொன்னது..."

"எங்கப்பன் காலத்துலேர்ந்து பாத்தரம் விக்கறோம். பித்தளைக்கு முலாம் பூசி ஒருத்தன்கிட்டயும் குட்ததில்ல. நீ நாப்பது நிமிசம் தடவிட்டுப் போலின்றியா? இப்ப சொல்லு. அசல்னு சொல்லி வாங்கு. இல்லாங்காட்டித் தட்டுல வை. ரெண்டுல ஒண்ணு. போலின்னு சொல்லிகினே என் சாமான எவனும் எடுத்துகினு போவ முடியாது."

"நியாயந்தான்" என்றார் ஆசிரியர். "ரெண்டே விடைதான் சார். யோசிச்சுச் சொல்லுங்க."

அதற்குள் எங்களைச் சுற்றிப் பதினைந்து பேர். எல்லாரும் என்னிடம் காசு காட்டியவர்கள். என் உதட்டையும் தலையையும் பார்த்து வாங்கியவர்கள், விற்றவர்கள், தூக்கி எறிந்தவர்கள். போலி என்று சொன்னால் என் பெயர் பிழைக்கும். ஆனால் காசைத் தட்டில் வைக்க வேண்டும். வைத்தால் ஆசிரியர் எடுப்பார். ஆல்பத்தின் குழி என் காலம் முடியும்வரை காலியாக இருக்கும், அவருடையது நிரம்பும். அசல் என்று சொன்னால் காசு கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு முன் சொன்னது பொய் என்பதும் அதே மூச்சில் வெளிவரும். அதற்குப் பிறகு இந்த மண்டபத்தில் என் கண்ணுக்கு ஃப்ரிட்ஜ் மரியாதைதான்.

ஒரு நல்ல மனிதன் இந்த இடத்தில் காசைத் தட்டில் வைத்து, ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பான். அப்படி ஒரு வழி இருந்தது என்பது எனக்கு மூன்று நாள் கழித்து, அடையாறு பாலத்தின்மேல் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் தோன்றியது.

"அசல்" என்றேன்.

"கேக்கல சார்" என்றார் ஆசிரியர்.

"அசல்."

"பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

"அசல் சார்! அசல்! போதுமா?"

மேடையில் தலைவர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். கூட்டத்தில் யாரோ, "அப்ப அன்னைக்குச் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனைக்கும் நடுவில் நான் இன்னும் விலை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எவ்ளோம்மா?"

"எட்டாயிரம்."

"எட்டாயிரமா? ஒரு செப்புக் காசுக்கா?"

"நீதான இம்மாம் பேர் முன்னாடி அசல்னு கத்துன? அசலுக்கு அசல் வெல."

"வந்த உடனே கேட்டிருந்தா?"

"அம்பது ரூவா சொல்லிருப்பேன். நீ நாப்பதுக்குக் கேட்டுருப்ப. நானும் போனாப் போவுதுன்னு குட்துருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "நிமிசத்துக்கு எரநூறு ஆச்சு பாரு."

கூட்டம் இந்த முறை மனம்விட்டுச் சிரித்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர்கள் ஒற்றுமையாக ஒன்றைச் செய்து நான் பார்த்தது அன்றுதான். பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை. இடது கையாலேயே கைப்பேசியை எப்படியோ உருவி, பணத்தை அனுப்பினேன். "வந்துச்சி" என்றார் அம்மாள். காசு என்னுடையதாயிற்று.

இனி வழக்கங்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கையைத் திறந்தேன். உள்ளங்கையில் கிரீடத்தின் வடிவம் சிவப்பாகப் பதிந்திருந்தது. காசைத் தட்டின்மேல் வைத்து, ஆசிரியர் பக்கம் நகர்த்தினேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியவில்லை. பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளத்தான் என்று என் மனைவி சொன்னாள்.

"இப்பப் பாருங்க சார்."

அவர் தொடவில்லை. எழுந்து, நாற்காலியை மேஜை ஓரமாக நேராகத் தள்ளி வைத்தார்.

"நான் பாத்த காசுதான் சார். அன்னைக்கு நீங்க எட்டு நிமிஷம் பாத்தீங்க. உண்மையச் சொல்லி மனசு நோகடிக்கக் கூடாதேன்னு தயங்கறீங்கன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் அதைச் சொல்லி உங்களுக்காக ஜெபம்கூடப் பண்ணேன்."

"சார், அது வந்து..."

"அந்த ஜெபத்தை எப்படித் திரும்ப வாங்கறதுன்னு தெரியல. ஃபாதரைத்தான் கேக்கணும்."

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். கூட்டம் வழிவிட்டது. எனக்கு வழிவிட யாரும் நகரவில்லை.

காசை உறையில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பியிருப்பேன். அதற்குள் என் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். நங்கநல்லூரிலிருந்து வருகிற மாமா ஒருவர். நெற்றியில் செந்தூரம். கண்காட்சிக்குக் கண்காட்சி ஒரு செம்புத் துண்டைக் கொண்டுவருவார். ஒரு பக்கம் மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர். கம்பெனிக்காரன் அனுமாருக்குக் காசு அடித்ததே இல்லை. இது சமீபத்தில் ஏதோ பட்டறையில் செய்து, அரிசியை இழுக்கும் சக்தி உள்ளது என்று சொல்லி விற்கப்படும் சரக்கு. போன வருடமே அவருக்கு இதை விளக்கியிருக்கிறேன்.

"போன தடவை இதைப் போலின்னேளே," என்றார் மாமா, கண்கள் பளபளக்க.

"ஆமா மாமா. போலிதான்."

"நன்னாப் பாத்துச் சொல்லுங்கோ."

"பாக்கவே வேண்டாம். அரிசியை இழுக்கும்னு சொன்னாங்களே, இழுத்துதா?"

"ஆத்துல அரிசி டின்னுக்குள்ள போட்டுண்டு ராத்திரி பகலாப் பாத்தேன். ஒரு மணி ஒட்டலை. நீங்க போலின்னுட்டேளேங்கற துக்கத்துல அது சக்தியை அடக்கிண்டுடுத்து."

"மாமா, சத்தியமாச் சொல்றேன். இது போலி."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த வயதில் ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது அதுதான் முதல் தடவை.

"புரியறது, புரியறது. வாத்தியார் காசையும் இப்படித்தானே போலின்னேள்! எவ்வளவு தருவேள்?"

"நான் வாங்கலை."

"வாங்கலைன்னுதான் சொல்வேள். எட்டாயிரத்துக்குக் கீழே நான் தரமாட்டேனாக்கும்." காசை வேட்டி முடிச்சில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

பாத்திரக்கார அம்மாள் இதையெல்லாம் கன்னத்தில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்து, மேஜைக்குக் கீழே இருந்த பெட்டியைத் துழாவி, அதே மாதிரி இன்னொரு அனுமாரை எடுத்துத் தட்டில் வைத்தார். புதுச் செம்பு. மின்னியது.

"சார், இது எப்டி? உன் கண்ணுக்கு இன்னா தோணுது?"

என் தொழில் தர்மம் என்று ஒன்று மிச்சம் இருந்தது. "போலிம்மா," என்றேன். "இதுவும் போலி."

மாமா சட்டென்று அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். "அம்மா, இது என் கையில இருக்கு. எவ்வளவு?"

"ஆயரம்."

மாமா பேரம் பேசவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "வேற இருக்காம்மா?" என்றார்கள். கேட்டது அம்மாளிடம். பார்த்தது என் உதட்டை. நான் நகரப் பார்த்தேன். அம்மாள் நோட்டுகளைத் துண்டில் முடிந்துகொண்டே, ஆசிரியர் விட்டுப்போன ரிப்பன் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"எங்க ஓடற நைனா? குந்து. இன்னும் ரெண்டு டஜன் கீது. ஒவ்வொண்ணா எடுக்கறேன். போலி, போலின்னு சொல்லிகினே இரு."